மடுகா மொழிபெயர்த்த காலை

நாற்காலியை லாசரஸ்தான் கொண்டுவந்து போட்டான். போடாமல் இருந்திருக்கலாம். மனுக் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சு வராந்தாவின் அந்தக் கோடியில் கிடக்கிறது, நான் அதை நோக்கித்தான் நடந்தேன், இல்லை, நடக்கவில்லை, நடக்கப் போகிறவன்போல ஒரு கணம் நின்றேன், யாராவது வந்து தடுக்கட்டும் என்று நின்றேன், அவனும் தடுத்தான். "மடுகா சார், நீங்கள் அங்கே உட்காரலாமா? துரை பார்த்தால் என்னைத்தான் வைவார்." மாவட்ட அதிகாரியின் சேவகன் அவன், தொப்பியில் பித்தளை வில்லை, காலில் செருப்பில்லை, போன மாதம் எங்கள் கட்சிக் கூட்டத்தில் முன்னால் நின்று கைதட்டியவன், அதை நான் பார்த்தேன் என்பது அவனுக்குத் தெரியும், அதனால்தானோ என்னவோ நாற்காலியைத் துண்டால் திரும்பத் திரும்பத் துடைத்தான். பிரம்பு நாற்காலி. இதில் நேராக உட்கார முடியாது, உட்கார்ந்தால் ஆள் பின்னால் சாய்ந்து, கால் முன்னால் நீண்டு, சாப்பிட்டு முடித்த விருந்தாளிபோல ஆகிவிடுகிறான். நுனியில் உட்கார்ந்தேன். நுனியில் உட்கார்ந்தால் நாற்காலி முன்பக்கம் கவிழப் பார்க்கிறது. எதிரே, கூப்பிடு தூரத்தில், வெயிலில், பெண்கள் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். உமுச்சியில் எண்ணெய் ஆலைக்குப் போகும் சாலையை மறித்து உட்கார்ந்ததற்காகப் பிடித்துவந்த பெண்கள். அவர்கள் இங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாதா? காலையில் எசின்னே என் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாளே, "எங்கள் ஊர் அடன்மாவையும் அங்கேதான் வைத்திருக்கிறார்களாம், பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்" என்று, மனைவி சொன்னதற்கு நான் தலையாட்டினேனே, தலையாட்டிவிட்டுக் கண்ணாடியில் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தேனே. தெரியும். ஆனால் சுவருக்குப் பின்னால் இருப்பார்கள் என்று நினைத்தேன், கம்பிக்குப் பின்னால், நான் பார்க்காமல் உள்ளே போய்ப் பார்க்காமல் வெளியே வந்துவிடக்கூடிய ஓர் இடத்தில். இப்படி என் முகத்துக்கு எதிரே, நான் நிழலிலும் அவர்கள் வெயிலிலும், நடுவில் ஒன்றுமே இல்லாமல் என்று நினைக்கவில்லை.

அவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். முதலில் ஒருத்தி நிமிர்ந்தாள், இடுப்பில் கை வைத்து, கண்ணை இடுக்கி. பிறகு பக்கத்தில் இருந்தவள். பிறகு ஏதோ சொல்லிக்கொண்டார்கள், சிரித்தார்கள், ஒருத்தி வெட்டுக்கத்தியைத் தூக்கி ஆட்டினாள். "மடுகா வந்துவிட்டான்! எங்கள் பிள்ளை வந்துவிட்டான்!" காவலுக்கு நின்றவன் அதட்டினான், அவர்கள் குனிந்தார்கள், ஆனால் குனிந்தபடியே பாட ஆரம்பித்தார்கள், பாட்டின் நடுவில் என் பெயர் வருகிறது, என் அப்பாவின் பெயர் வருகிறது, என் ஊர் வருகிறது. நம்மை வெளியே கூட்டிப்போக வந்திருக்கிறான் என்று நினைக்கிறார்கள். நான் வந்தது பாஸ்போர்ட்டுக்காக. லண்டனுக்குப் போகும் குழுவில் நான் ஒருவன், வெள்ளைக்காரர்கள் எங்கள் நாட்டைவிட்டு எப்போது போவார்கள் என்று வெள்ளைக்காரர்களிடமே போய்க் கேட்கப் போகும் குழு, அதற்கு மாவட்ட அதிகாரி என்னை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இவன் பரவாயில்லை, போகலாம் என்று. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கஞ்சி போட்ட கோட்டு, அந்த வார்த்தைக்காகத்தான் இந்த நாற்காலி நுனி. கை ஆட்ட வேண்டுமா? எழுந்து போய்ப் பேசினால் என்ன? எழுந்தால், அந்த நேரம் பார்த்துத் துரை கூப்பிட்டால், நான் கைதிகளோடு நின்றுகொண்டிருந்தால். கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தேன். அதைக் கை ஆட்டல் என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ, பாட்டு இன்னும் பெரிதானது.

அந்த ஆலையைப் பற்றிப் பேசியது நான்தான். உமுச்சிச் சந்தையில், மேசைமேல் ஏறி நின்று. செம்பனைக் குலையை ஆண்கள் வெட்டி இறக்குவார்கள், பழத்தை வேகவைத்து மிதித்துப் பிழிந்த எண்ணெய் ஆணுக்கு, உள்ளே இருக்கும் கொட்டையை உடைத்து எடுக்கும் பருப்பு பெண்ணுக்கு, எங்கள் பக்கம் அது எழுதாத சட்டம். இப்போது அரசாங்கம் இயந்திர ஆலை வைத்துவிட்டது, ஆண்கள் குலையை அப்படியே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள், கொட்டையும் அதோடு போய்விடுகிறது, பெண் வீட்டில் வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறாள். இதைத்தான் பேசினேன். நன்றாகப் பேசினேன். ஆனால் இங்கிலீஷில் பேசினேன். ஒனிட்சாவிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள், அவர்கள் குறித்துக்கொள்ளட்டும் என்று இங்கிலீஷில் பேசினேன், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மேசைக்குக் கீழே நின்று வரிக்கு வரி இக்போவில் சொன்னார். என் அம்மா பேசிய மொழியில் என் பேச்சை இன்னொருவர் சொல்ல, நான் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மா. இரண்டு கல், அடியில் ஒன்று, கையில் ஒன்று, நாள் முழுக்க டொக் டொக் என்று கொட்டை உடைப்பாள். கல் தவறி விழுந்து விழுந்து அவள் இடது கட்டைவிரல் நகம் கறுத்துத் தடித்து நகமாகவே இல்லாமல் போயிருந்தது. நான் பள்ளிக்கூடம் போனது அந்தப் பருப்பில்தான், அதைக்கூட அன்றைக்குப் பேச்சில் சேர்த்தேன், சேர்த்தபோது ஒரு பத்திரிகைக்காரர் வேகமாக எழுதினார், அவர் எழுதுவதற்காக நான் கொஞ்சம் நிறுத்தினேன். அம்மாவின் விரலைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். இவர் எழுதி முடிக்கட்டும் என்று. இந்தப் பெண்கள் போய்ச் சாலையில் உட்கார்ந்தபோது நான் லாகோஸில் இருந்தேன், லண்டனுக்கு யார் யார் என்று முடிவு செய்யும் கூட்டத்தில். அதில் தப்பொன்றும் இல்லை. தப்பு என்று யாரும் சொல்லவில்லை. பிறகு எதற்கு இந்தப் பாட்டு என் காதில் இப்படி விழுகிறது, யாரோ என் சட்டைக்குள் கையைவிட்டுத் தேடுவதுபோல.

"சார், துரை கூப்பிடுகிறார்." உள்ளே போனதும் மாவட்ட அதிகாரி பெல்லமி எழுந்து நின்று கைகொடுத்தார். சின்ன வயது, என்னைவிட ஏழெட்டு வயது குறைவாக இருக்கும், வெயிலில் உரிந்த மூக்கு, நல்ல மனிதர், அதுதான் கஷ்டம், கத்துகிற துரையாக இருந்தால் நானும் கத்துவேன், கத்த எனக்குத் தெரியும். "மிஸ்டர் மடுகா, காக்கவைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். தேநீர் சாப்பிடுவீர்கள் இல்லையா?" லண்டனில் எந்த மாதம் எப்படிக் குளிரும் என்று சொன்னார், கம்பளி உள்ளாடை எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்றார். நான் சிரித்தேன். பாஸ்போர்ட் விஷயம் ஒன்றுமில்லை, எழுதி அனுப்பிவிட்டேன் என்றார். அவ்வளவு சுலபமாக. எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் பாட்டு ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது, என் பெயர் இரண்டு தடவை வந்தது, அது என் பெயர் என்று அவருக்குத் தெரியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன், "அந்தப் பெண்கள் விஷயமாக…" நான் முடிக்கவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நானே கேட்க நினைத்தேன்! அவர்களை இங்கே வைத்துக்கொண்டு எனக்கென்ன லாபம்? இனிமேல் சாலையை மறிக்கமாட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். என் மொழிபெயர்ப்பாளன் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். வாருங்களேன், நானும் வருகிறேன்." தொப்பியை எடுத்துக்கொண்டார். முடியாது என்று சொல்ல என்ன இருக்கிறது இதில்? விடுதலை தருகிறேன் என்கிறார், போய்ச் சொல்லுங்கள் என்கிறார். முடியாது என்பதற்கு ஒரு காரணம் எங்கோ இருந்தது, நன்றாகத் தெரிந்த காரணம், படியிறங்கும்போதெல்லாம் அதைத் தேடிக்கொண்டே இறங்கினேன், கடைசிப் படியில் வெயில் கண்ணில் அடித்தது.

கத்திகளைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றார்கள். அடன்மா முன்னால். எசின்னேயின் ஊர்க்காரி, என் மூத்த மகள் பிறந்தபோது இரண்டு வாரம் எங்கள் வீட்டில் இருந்து குளிப்பாட்டியவள். காலெல்லாம் செம்மண், கழுத்தில் வியர்வை வழிந்த கோடு. பக்கத்தில் ஒரு கர்ப்பிணி, முதுகைப் பிடித்துக்கொண்டு. "வா மடுகா," என்றாள் அடன்மா, தன் வீட்டு முற்றத்தில் நின்று கூப்பிடுகிறவள்போல, "எசின்னே சௌக்கியமா?" "சௌக்கியம் அம்மா." துரை என் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொன்னார். நான் இக்போவில் சொன்னேன். அவர் இரண்டு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், நான் சொல்வேன், அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருப்பார். என் இக்போ அன்றைக்கு எவ்வளவு நன்றாக வந்தது. சந்தையில் மேசைமேல் நின்று வராத வார்த்தையெல்லாம் வந்தது, அம்மா சண்டையை விலக்கும்போது பேசும் இழுவை, சமாதானம் சொல்லும்போது குரலைத் தாழ்த்தும் விதம், எல்லாம் எங்கே இருந்தன இத்தனை நாள், இப்போது வந்து வரிசையாக நிற்கின்றன, அவருக்காக. "அரசாங்கத்துக்கு உங்கள்மேல் கோபம் இல்லை, தாய்மார்களே." தாய்மார்களே என்று அவர் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன். "ஒரு வார்த்தை சொல்லுங்கள், வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்." பிள்ளைகளையும் அவர் சொல்லவில்லை. கேட்டதற்கு மேலேயே போட்டுக் கொடுத்தேன். சொல்லச் சொல்ல நாக்கு நிற்கவில்லை, நன்றாக ஓடும் நாக்கை நிறுத்த மனசு வராது எனக்கு, அது என் தொழில்.

அடன்மா முழுவதையும் கேட்டாள். பிறகு துரையைப் பார்த்துப் பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. "இவனிடம் சொல், கொட்டைக்குள் இருப்பது பெண்ணுடையது. எனக்குக் கல்யாணமான அன்றைக்கு என் மாமியார் சொன்னாள். இவனுடைய அம்மா இவனுக்கு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லையா? ஆலை எங்கள் கொட்டையைத் திருப்பித் தரட்டும், நாங்கள் சாலையைத் திருப்பித் தருகிறோம். இல்லாவிட்டால் இங்கிருந்து வெளியே போனதும் இவன் வீட்டு வாசலில் வந்து உட்காருவோம், இவன் காது பொறுக்காத பாட்டெல்லாம் பாடுவோம், இவன் வெளியே வந்து கும்பிடும்வரை எழுந்திருக்க மாட்டோம். எங்கள் அம்மாக்கள் செய்ததுதான், இவனுக்கு முன்னால் இருந்த துரைமார்களைக் கேட்கச் சொல்." மற்றவர்கள் "ஆமாம்" என்று ஒரே குரலில் சொன்னார்கள், காவல்காரன் துப்பாக்கியை மாற்றிப் பிடித்தான். பெல்லமி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்கள்?" வார்த்தைகள் எல்லாம் இருந்தன என்னிடம். ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் இருந்தது, அம்மா, காது, கும்பிடும்வரை, எல்லாவற்றுக்கும், அந்த இங்கிலீஷை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். "யோசித்துச் சொல்ல அவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டுமாம், சார்." சார். நான் யாரையும் சார் என்று கூப்பிடுவதில்லை. கூட்டங்களில் இதைப் பற்றியே பேசியிருக்கிறேன், நம் வாயிலிருந்து முதலில் விரட்ட வேண்டிய வார்த்தை இதுதான் என்று. அது யாரும் கேட்காமல், வாக்கியத்தின் கடைசியில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. "நியாயம்தான்," என்றார் பெல்லமி. "அவகாசம் எடுத்துக்கொள்ளட்டும்." அவரைக் காப்பாற்றினேனா, அவர்களைக் காப்பாற்றினேனா? அந்தப் பேச்சை அப்படியே சொல்லியிருந்தால் அவர் அவர்களைப் பெரிய ஜெயிலுக்கு அனுப்பியிருப்பார், அதனால்தான் மாற்றினேன், அவர்கள் நல்லதற்குத்தான், இப்படி ஒரு நியாயம் உடனே கையில் கிடைத்தது, கிடைத்த வேகத்தைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது. ஏனென்றால் மாற்றும்போது அவர்களை நான் நினைக்கவே இல்லை. அவர் முகம் சுளிக்கக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

திரும்ப அறைக்குள் போனோம், தேநீர் ஆறியிருந்தது, வேறு கொண்டுவரச் சொன்னார். உட்காரவில்லை நான். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "மிஸ்டர் பெல்லமி, ஒன்று சொல்ல வேண்டும். அவர்களைச் சாலைக்குப் போகச் சொன்னது நான். உமுச்சிச் சந்தையில் பேசினேன். தண்டனை என்றால் அது எனக்குத்தான் வர வேண்டும்." சொல்லிவிட்டேன். லண்டன் போச்சு, பாஸ்போர்ட் போச்சு, எசின்னே என்ன சொல்வாள், ஒன்றும் சொல்லமாட்டாள், கட்சியில் எனக்குப் பதிலாக யாரை அனுப்புவார்கள், அந்த வழுக்கையனையா, போகட்டும், போகட்டும், இந்த வெயிலில் நானும் ஒரு கத்தியைப் பிடித்துக்கொண்டு, அப்போது யாரும் என்னை… பெல்லமி சிரித்தார். கேலியாக இல்லை, பிரியமாகத்தான் சிரித்தார். "உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் நாங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்துவிட்டோம். யார் சொல்லி வந்தீர்கள் என்றால் யாரும் சொல்லவில்லை என்கிறார்கள். உங்கள் பெயரை ஒருத்திகூடச் சொல்லவில்லை. நீங்கள் இப்போது சொன்னதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோமே? பாஸ்போர்ட்டுக்கு உங்கள் பெயர் லாகோஸுக்குப் போய்விட்டது, எதற்கு வீணாக." வீணாக. நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். இல்லை, நான்தான் என்று மேசையைத் தட்டியிருக்க வேண்டும். மேசை விளிம்பை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்பாடா என்று இருந்தது. அப்பாடா. அந்த வார்த்தை எனக்குள் அத்தனை தெளிவாகக் கேட்டது, யாரோ பக்கத்தில் நின்று சொன்னதுபோல. பயந்ததற்குக்கூட வெட்கமில்லை, சார் என்றதற்குக்கூட ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், இந்த அப்பாடாவுக்கு நான் என்ன செய்வேன்? புதுத் தேநீர் வந்தது. குடித்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டார், போதும் என்றேன்.

வெளியே வந்தபோது காவல்காரன் நிழலுக்குப் போயிருந்தான். அவர்கள் பக்கம் போகாமல் வாசலுக்குப் போக ஒரு வழி இருந்தது, வேலியோரமாக. கால் அந்தப் பக்கம் இரண்டடி வைத்தது. "மடுகா!" அடன்மா. போனேன். "உள்ளே என்ன சொன்னான்?" இதையாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "நீ சொன்னதை நான் அவரிடம் அப்படியே சொல்லவில்லை அம்மா. மாற்றிச் சொன்னேன். பிறகு உள்ளே போய், உங்களைப் போகச் சொன்னது நான்தான் என்றேன். அவர் நம்பவில்லை." அடன்மா கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பி, "இவன் சொல்லித்தான் நாம் போனோமாம்!" என்றாள். ஒரு சிரிப்பு அப்படியே பரவியது, கர்ப்பிணிகூட முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சந்தையில் நீ பேசிய அன்றைக்கு நான் கடைசியில் நின்றேன். ஒன்றும் காதில் விழவில்லை. என்னவோ கத்திக்கொண்டிருந்தாய், பிறகு அந்த வாத்தியார் கத்தினார். மிளகாய் விற்று முடித்ததும் போய்விட்டேன். கொட்டை போனது எங்களுக்குத் தெரியாதா? அதை நீ வந்து சொல்ல வேண்டுமா?" கோபமே இல்லை அவள் குரலில். என் மகளைக் குளிப்பாட்டும்போது கண்ணில் சோப்புப் பட்டு அழுதால் சமாதானம் சொல்வாளே, அந்தக் குரல். "அவனிடம் தண்ணீர் கேட்டாயா?" "என்ன?" "தண்ணீர். காலையிலிருந்து இந்தப் பிள்ளைத்தாச்சிக்கு நாக்கு ஒட்டுகிறது." கேட்கவில்லை. தேநீர் குடித்தேன், சர்க்கரை போதும் என்றேன், தண்ணீர் கேட்கவில்லை. "இதோ, போய்க் கேட்கிறேன்," என்று திரும்பினேன். "எதற்குக் கேட்கப் போகிறாய்?" என்றாள் அடன்மா. "அதோ, ரோஜாச் செடிக்குப் பின்னால் குழாய் இருக்கிறது. எங்களைத்தான் காவல்காரன் அந்தப் பக்கம் விடமாட்டான். உன்னை யார் தடுப்பார்கள்?"

குழாயடியில் தகர வாளி ஒன்று இருந்தது, செடிக்கு ஊற்றுவது. நிறையப் பிடித்தேன், அதிகமாகப் பிடித்துவிட்டேன், தூக்கியதும் தளும்பிக் காற்சட்டை முழங்காலுக்குக் கீழே நனைந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தேன், வாளி தூக்கி எத்தனை வருஷம் ஆகிறது. ஆனால் நடக்கும்போது ஏதோ ஒன்று சரியாகிக்கொண்டு வருவதுபோல இருந்தது, ஈரம் காலில் ஒட்டுவது நன்றாக இருந்தது, இது போதும், இதை மட்டுமாவது ஒழுங்காகச் செய்துவிட்டால். ஜன்னலில் பெல்லமி நின்றார். என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார், ஒரு நல்ல மனிதர் இன்னொரு நல்ல மனிதருக்கு உயர்த்துவதுபோல. என் இடது கை சும்மாதான் இருந்தது. அது என்னைக் கேட்கவில்லை. உயர்ந்தது, அசைந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அசைந்தது, என் உதடும் விரிந்திருந்தது.

அடன்மா பார்த்தாள். வாளியை என்னிடமிருந்து வாங்கிக் கர்ப்பிணிக்கு முதலில் சாய்த்துப் பிடித்தாள், பிறகு ஒவ்வொருத்தியாக, கடைசியில் அவள் குடித்தாள். முகத்தையும் கழுவிக்கொண்டாள். வாளியைக் கவிழ்த்து உதறி என் கையில் கொடுத்தாள். "இன்னொன்று கொண்டு வா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் திரும்பி நடந்தேன். ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது, செடியைப் பார், குழாயைப் பார், தரையைப் பார், பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். ஜன்னலில் இப்போது யாரும் இல்லை. இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்.